டிராம்போலினில் எண்ணிய தஸ்பீஹ்

கணுக்கால் முறிந்த பிறகு எட்டு மாதம் நான் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுதேன். பின்வாசல் ஈரச் சீமெந்தில் வழுக்கிய கதை ஊருக்கே தெரியும், அதை விடுகிறேன். பிளாஸ்டர் கழற்றிய அன்று பார்த்தால் கால் முருங்கைக்காய் போல மெலிந்திருந்தது. ஊன்றினால் பயம். கால் விரல்களை மடக்கி இருக்கவோ, குனிந்து நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூது செய்யவோ முடியவில்லை. ஏலாதவர்கள் கதிரையில் தொழலாம் என்று மார்க்கம் இடம் தந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சுஜூது செய்ய வேண்டிய இடத்தில் வெறும் காற்றுக்குள் தலை குனிந்து நிமிரும்போதெல்லாம் அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தந்தவள் காரைதீவுப் பிள்ளை, என் மகளின் வயசு. என் எக்ஸ்ரேயையும் காகிதங்களையும் பார்த்து முடித்து, மூலையில் கிடந்த சின்ன வட்ட டிராம்போலினை இழுத்து வைத்தாள்.

"ஏறுங்கம்மா."

"எனக்கு ஐம்பத்திநாலு வயசு புள்ள. சின்னப் புள்ளைகள்ர சாமானில ஏத்தி என்னைப் பகிடியா பண்ணுறீங்க?"

"துள்ளச் சொல்லல்லம்மா. இந்தக் கம்பியப் புடிச்சிற்று சும்மா நில்லுங்க. அது போதும்."

ஏறி நின்றேன். விரிப்பு தாழ்ந்தது, பாதம் அங்குமிங்கும் ஆடியது. இப்படி ஆடும்போது கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னத் தசைகளெல்லாம் வேலை செய்யப் பழகும், தடுமாற்றம் குறையும், சீமெந்தில் குதிப்பதுபோல மூட்டில் அடி விழாது என்றாள். தலைச்சுற்றோ எலும்புத் தேய்வோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாதாம். வீட்டிலும் இதுபோல ஒன்றில் ஏறி, நாளுக்கு ஒரு முறை குதிகாலை முப்பது தடவை உயர்த்தி இறக்கச் சொன்னாள்.

நெல் வியாபாரமாக அக்கரைப்பற்றுக்குப் போன என் கணவர் அப்படியொன்றை வாங்கி வந்து, கம்பியைப் பிடிக்க வசதியாக ஜன்னலோரம் போட்டார். "துள்ளுற மாடு பொதி சுமக்கும் எண்டு சொல்லுவாங்க. பாத்துத் துள்ளு" என்றார். நான் முறைத்தேன்.

ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டு மதில். அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போடுபவளுக்கு என் தலை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"என்ன ராத்தா, ஒங்கட தலை வாறதும் போறதுமா இரிக்கி?"

"துள்ளுறன் கா."

"இந்த வயசிலயா?"

"ஓம். ஒனக்கும் வேணுமெண்டா வா."

பயிற்சி தந்த பிள்ளை முப்பது என்றுதான் சொன்னாள். நான்தான் தஸ்பீஹ் சொல்லி எண்ணினேன். ஸுப்ஹானல்லாஹ் முப்பத்துமூன்று. அதோடு இறங்கியிருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பழகிய நாக்கு அங்கே நிற்குமா? அல்ஹம்துலில்லாஹ் முப்பத்துமூன்று, அல்லாஹு அக்பர் முப்பத்துநாலு. நூறு முடியாமல் இறங்க மனம் வரவில்லை. நாலாம் நாள் கணுக்கால் வீங்கிவிட்டது. பட்ட காலிலே படும் என்பார்கள். எனக்கு அது என் அவசரத்தால் பட்டது.

"முப்பதெண்டுதானேம்மா சொன்னன்?" என்றாள் ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை, வீக்கத்தைப் பார்த்து.

"தஸ்பீஹை எப்பிடி புள்ள இடைநடுவில விடுற?"

அது என்னவென்று கேட்டாள். தொழுது முடிந்து நாங்கள் ஓதுகிற கணக்கைச் சொன்னேன். சிரிப்பாள், சண்டை பிடிக்கலாம் என்று தயாராக இருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப ஒரு கிழமை பொறுத்து, வீக்கம் வத்தினதும் தொடங்குங்க. காலையில ஒரு பங்கு, பகலில ஒரு பங்கு, பின்னேரம் ஒரு பங்கு. நூறும் முடியும், காலும் தப்பும்."

இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்! வெட்கமாக இருந்தது. அவள்மேல் பிரியமும் வந்தது.

அப்படியே செய்தேன். முதலில் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த கை, பிறகு இரண்டு விரலாகி, கடைசியில் கம்பியையே விட்டது. படி இறங்கும் பயம் போனது. நல்ல நித்திரை வந்தது. கோபமும் குறைந்திருக்கிறது என்கிறாள் மகள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கதிரையை இழுக்காமல் பாயை விரித்தேன். நின்றேன், குனிந்தேன். பிறகு முழங்காலை வைத்து, கையை ஊன்றினேன். கால் விரல்கள் சுரீரென்று வலித்தன, ஆனால் மடங்கின. நெற்றி பாயைத் தொட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் போய் நெற்றியை வைக்கக்கூடிய இடம்தான் தரை. அது எனக்குத் திரும்பக் கிடைத்ததில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடந்தேன்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்து ஓடி வந்தாள்.

"உம்மா! எழும்ப ஏலாம கிடக்கீங்களா? புடிக்கட்டா?"

தொழுகையில் பதில் சொல்ல முடியாது. அவள் கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடியும் குனிந்து, இரண்டாவது சுஜூதையும் முடித்தேன். பிறகு அவளுடைய கையைத் தொடாமல் எழும்பி நின்றேன்.