மூச்சை இழுத்துச் சொன்ன 'யோ'

போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டு வாசலில் ஒரு போலீஸ் கார் நின்றது. பதினேழு நிமிடம்.

அதை வரவழைத்தவன் நான்தான்.

அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். நான் முப்பத்து நான்கு வருடம் நில அளவை ஆபீசில் இருந்தவன். கண்ணில் படுவதை எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கடல் கடந்து மவுண்ட் ரோஸ்கில்லில் மகன் வீட்டோடு வந்த பிறகு எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? பக்கத்து வீடுதான்.

அங்கே பெக்கா என்று ஒரு ஃபின்லாந்துக்காரரும் அவர் மனைவியும். பின்பக்கம், எங்கள் வேலியை ஒட்டினாற்போல் ஒரு மரக் குடிசை. ஒரே ஜன்னல், அதுவும் கையகலம். சனிக்கிழமை நாலு மணியானால் அதன் குழாயில் புகை வரும். இருவரும் துண்டோடு உள்ளே போவார்கள். அப்புறம் சளீர், சளீர் என்று அடி விழும் சத்தம். ஒரு சனிக்கிழமை நாற்பத்திரண்டு எண்ணினேன்.

அந்த அம்மாள் வெளியே வரும்போது முதுகு சிவந்திருக்கும். முகத்திலோ சிரிப்பு! அடி வாங்கியவள் எதற்குச் சிரிக்க வேண்டும்? பயத்திலா...

பெக்காவிடம் நேரிலேயே விசாரிப்போம் என்று வேலியருகே போனேன்.

"சௌக்கியமா?"

"யோ."

"வீட்டில்?"

"யோ."

"நல்ல வெயில், இல்லையா?"

"யோ."

மூன்று கேள்விக்கு மூன்று 'யோ'! ரிடையர் ஆகும்வரை என்னை ஒருவன் 'யோவ்' என்று கூப்பிட்டதில்லை. என் மனைவி மீனாட்சியிடம் குமுறினேன்.

"மரியாதையே இல்லாம யோங்கறான்!"

"நல்லாக் கேட்டீங்களா? அவரு மூச்சை உள்ள இழுத்துல்ல சொல்றாரு. திட்றவன் மூச்சை வெளியதானே விடுவான்? பாவம், ஆஸ்துமாவோ என்னவோ."

"நாற்பத்திரண்டு அடி அடிக்கிறவனுக்கு ஆஸ்துமாவா?"

செவ்வாய்க்கிழமை போலீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன், பெயர் போடாமல். போனில் சொன்னால் யார் என்று தெரிந்துவிடும். புதிதாக காலர் ஐடி என்று ஏதோ வந்திருக்கிறதாம். டெய்ரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடை வாசல் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக வீடு வந்தேன்.

சனிக்கிழமைதான் அந்த நிம்மதி போனது.

தலை முதல் கால்வரை நல்லெண்ணெய் தடவி, துண்டோடு பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் ஊற முப்பது நிமிடம். வேலிக்கு மேலே பெக்காவின் தலை.

"அது என்ன?"

"சனிக்கிழமைக் குளியல்."

"யோ!" முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு வருடத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அன்றுதான். "எங்களுக்கும் சனிக்கிழமைதான். அந்தக் குடிசைதான் குளியலறை. அனலில் உட்கார்ந்து பர்ச் மர இலைக்கொத்தால் அடித்துக்கொள்வோம். ரத்தம் நன்றாக ஓடும்."

"யார், யாரை?"

"அவரவர் உடம்பை. முதுகு எட்டாது. அதற்குத்தான் கல்யாணம்."

"சரி... 'யோ' என்றால்?"

"ஆமாம்."

"அதற்கு எதற்கு மூச்சை உள்ளே இழுப்பது?"

"எங்கள் ஊர்க் குளிரில் மூச்சை வீணாக்க முடியுமா?"

சிரித்தேன். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"எண்ணெயோடு அசையாமல் உட்கார்ந்திருப்பீர்களே... அதைப் பார்த்து என் மனைவி பயந்துவிட்டாள். ஏதோ தோல் வியாதி, சுகாதார ஆபீசுக்குச் சொல்லலாம் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்தானே, கேட்டுக்கொள்ளலாம் என்றேன்."

கேட்டுக்கொள்ளலாம்! எண்ணெய்க்கு மேல் எனக்கு வியர்த்தது. கடிதம் போய் நாலு நாள் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை திரைச்சீலை இடுக்கில் நின்று பார்த்தேன். போலீஸ்காரர் கையில் ஒரு இலைக்கொத்தோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். கார் போனது. பெக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"யாரோ கடிதம் எழுதியிருக்கிறார்கள். என் மனைவி அழுதாள்." என் முகத்தையே பார்த்தார். "நாற்பத்திரண்டு அடி என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள்."

இந்தத் தெருவில் வேறு யார் எண்ணுவார்கள்?

"நீங்களா?"

வாயில் மூன்று பொய் தயாராக இருந்தது. பின்னால் மீனாட்சி நின்றாள். மூச்சை உள்ளே இழுத்தேன்.

"யோ."

இரண்டு படி இறங்கித் திரும்பினார். பிறகு, "சனிக்கிழமை நாலு மணிக்கு வாருங்கள். அவளிடம் நீங்களே சொல்லுங்கள். அப்புறம் குளிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகத்தான் வேண்டும். மன்னிப்பும் கேட்கத்தான் வேண்டும். ஒரே ஒரு சந்தேகம்...

என் முதுகில் அடிக்கப்போவது யார்?