விசா இல்லாமல் புறப்பட்டுவிட்ட பெட்டி

ஒரு கேள்வியைக் கேட்க நான் கூச்சப்பட்டதால், சுவிஸிலிருந்து வந்த ஒருவர் தன் தங்கை மகளின் கலியாணத்தைத் தவறவிட இருந்தார். வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கும்படி முதலாளி சொன்னார். ஆட்களுக்கு முன்னால் நின்று கதைக்க எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

எங்கள் கடை கிளிநொச்சியில் ஏ ஒன்பது வீதியோரம் இருக்கிறது. போட்டோக்கொப்பி, லமினேற், ஸ்கான், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிறோம். பன்னிரண்டு வருடங்களாக இங்கே வேலை செய்கிறேன். படித்தது சாதாரண தரம் வரை. விசா ஃபோம் நிரப்பப் பழகியது இந்தக் கடையின் கதிரையில் இருந்துதான்.

1. ரிக்கற் பிரின்ற்

ஒரு செவ்வாய்க்கிழமை தில்லையண்ணை கடைக்கு வந்தார். இரணைமடுச் சந்திப் பக்கம் இருக்கும் பூமணி அக்காவின் தம்பி. பூநகரியில் பிறந்து, முப்பது வருடங்களுக்கு மேலாக சுவிஸில் ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறவர். லீவில் வந்து அக்கா வீட்டில் நின்றார்.

அடுத்த புதன்கிழமை யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து திருச்சிக்குப் போகும் விமான ரிக்கற்றைப் பிரின்ற் எடுக்க வேண்டும் என்றார். சண்டைக் காலத்தில் இந்தியாவுக்குப் போன அவருடைய தங்கை திருச்சியில் இருக்கிறா. அவவின் மகளுக்கு அந்தப் புதனுக்குப் பிறகு வரும் வெள்ளிக்கிழமை கலியாணம். அக்காவும் தம்பியும் சேர்ந்து போகிறார்கள்.

பூமணி அக்காவின் பாஸ்போட் இலங்கைப் பாஸ்போட். அவவின் இந்திய விசாவை இரண்டு கிழமைக்கு முன்னர் நான்தான் நிரப்பி அனுப்பினேன். அதனால் தம்பிக்கு விசா இருக்கிறதா என்ற கேள்வி என் வாய்வரை வந்தது. ஆனால் அவர் தன் சிவப்புப் பாஸ்போட்டை மேசையில் வைத்துவிட்டு, கொப்பிக்கு நின்ற இரண்டு பேருக்கு அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி என்று எங்கே போனாலும் ஒருவரும் மறிப்பதில்லையாம். இந்தப் புத்தகத்தைக் கண்டால் வழிவிட்டு நிற்பார்களாம்.

ஆட்களுக்கு முன்னால் அவரிடம் விசா இருக்கிறதா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முப்பது வருடம் வெளிநாட்டில் இருக்கிற மனிதருக்குத் தெரியாததா என்று நினைத்து, ரிக்கற்றை அடித்துக் கொடுத்துவிட்டேன்.

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இலங்கைக்கு வருவதற்கே அவருக்கு ஒன்லைன் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. அதை மகன் செய்து கடதாசியைக் கையில் கொடுத்திருந்தான். அதுவும் ரிக்கற்றில் ஒரு பக்கம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

2. சந்தையில் பூமணி அக்கா

கேட்காமல் விட்ட கேள்வி என்னை விடவில்லை. வியாழக்கிழமை காலை சந்தையில் பூமணி அக்காவைக் கண்டேன். கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றா. அங்கே கடையில் போல ஆட்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. உங்கட தம்பிக்கும் விசா வந்திட்டுதோ அக்கா என்று கேட்டேன்.

"அவனுக்கேன் பிள்ளை விசா? அவன் சுவிஸ்காரனெல்லே."

இந்தியாவுக்கு சுவிஸ்காரருக்கும் விசா வேண்டும் என்று சொன்னேன். வெளிநாட்டுப் பாஸ்போட்காரர் விமான நிலையத்தில் விசாவைக் காட்டாவிட்டால் ஏற்றவே மாட்டார்கள் என்றும் சொன்னேன். அக்கா கையில் இருந்த கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தா.

"பெட்டி வெளிக்கிட்டுட்டுதே" என்றா.

வெளியூர்ப் பிள்ளைகள் இதை வாசித்தால் விளங்காது. பயணம் போகும் நாள் பஞ்சாங்கத்தில் சரியில்லை என்றால், அதற்கு முந்திய ஒரு நல்ல நேரத்தில் பயணப் பெட்டியை மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வேறு வீட்டில் வைத்துவிடுவார்கள். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. பெட்டி அதற்குப் பிறகு திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது. அன்று காலை ஆறரைக்குத் தில்லையண்ணையின் பெட்டியைப் பக்கத்து வீட்டு ரீச்சர் வீட்டில் வைத்திருந்தார்கள். மறக்காமல் இருக்கட்டும் என்று பாஸ்போட்டையும் அதற்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். எட்டு மணிக்கு ரீச்சர் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு, மகளின் பிள்ளைப்பேற்றுக்கு முல்லைத்தீவுக்குப் போய்விட்டா.

போய் இறங்கும் நாளுக்கு நான்கு நாட்கள் முன்னதாகவாவது விண்ணப்பம் உள்ளே போக வேண்டும். இறங்குவது புதன்கிழமை. பிழை வந்தால் திருத்தவும் நேரம் வேண்டும். அதனால் அடுத்த நாள் வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் அனுப்புவது என்று முடிவு செய்தேன். தில்லையண்ணையின் போனில் பாஸ்போட்டின் படம் ஒன்று இருந்தது. அதில் இலக்கம் இருக்கும் இடத்தில் அவருடைய பெருவிரல் இருந்தது.

3. திறப்பு

ரீச்சர் வீட்டுப் பூட்டின் திறப்பை வாங்கத் தில்லையண்ணை அன்றே பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போனார். ரீச்சர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாவாம். பேரன் பிறந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. திறப்பைக் கொடுத்து, பெட்டியை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், உங்கள் வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோகவேண்டாம் என்று அவவும் சொல்லி அனுப்பியிருக்கிறா.

பின்னேரம் அவர் திறப்போடு திரும்பியபோது நானும் அங்கே போயிருந்தேன். அக்கா இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியோடு நின்றா. பெட்டி பின்னால் வந்தால் பயணம் குழம்பும், பிறகு கலியாணத்துக்குப் போய்ச் சேர்ந்த மாதிரித்தான் என்றா. விசா இல்லாவிட்டாலும் போய்ச் சேர்ந்த மாதிரித்தான் என்றார் தம்பி. இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

நான் வழக்கமாக இப்படியான இடங்களில் வாய் திறப்பதில்லை. ஆனால் பிழை தொடங்கியது என்னிடம்.

"அக்கா, எங்கட கடை யாழ்ப்பாணப் பக்கம்தானே இருக்கு" என்றேன்.

அக்கா வீதியைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. "ஓம், பலாலிக்குப் போற வழிதான். அப்ப அது முன்னாலதானே போகுது" என்றா.

வெள்ளிக்கிழமை காலை ஓட்டோவில் பெட்டி கடைக்கு வந்தது. திரும்பிப் போக முடியாத பெட்டி என்பதால் புதன்கிழமை வரை கடையிலேயே நிற்க வேண்டும் என்று முதலாளியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"இதென்ன கொப்பிக்கடையோ, பஸ் ஸ்ராண்டோ" என்று கேட்டார் முதலாளி. கேட்டுவிட்டு, அவரே தூக்கி என் மேசைக்குக் கீழே வைத்தார்.

பயணம் போகிற வீட்டுக்காரர் பெட்டியைத் திறக்கக்கூடாது என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்ததால் நான்தான் திறந்தேன். மேலே தங்கைக்குக் கொண்டுபோகும் மிளகாய்த்தூள். அதன் கீழே பனங்கிழங்கு ஒடியல் மா, நெத்தலிக் கருவாடு. பாஸ்போட் கருவாட்டுக்குக் கீழே கிடந்தது.

4. ஃபோம்

பாஸ்போட் முடிவதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பல நாடுகளுக்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும், முத்திரை குத்த வெற்றுப் பக்கங்களும் வேண்டும்.

ஃபோமில் பாகிஸ்தான் பற்றி ஒரு கேள்வி உண்டு. விண்ணப்பிப்பவரின் தாய் தகப்பனோ, இரண்டு பக்கத்துப் பாட்டன் பாட்டிமாரோ பாகிஸ்தான்காரரா என்று கேட்கும். வாசித்துச் சொன்னேன்.

"என்ர அப்பப்பா பூநகரியில இருந்து தோணியில யாழ்ப்பாணம் போறதே வருசத்தில ரெண்டு தரம், தங்கச்சி."

"அப்ப இல்லை எண்டு போடுறன் அண்ணை."

"வெறுமனே இல்லை எண்டு போடாதேங்கோ. பூநகரி எண்டு போடுங்கோ."

அங்கே ஆம், இல்லை என்ற இரண்டுதான் இருக்கிறது என்று காட்டிய பிறகும், இடம் இருந்தால் போடுங்கோ என்றார்.

உடம்பில் தெரியும் அடையாளம் என்ற இடத்தில் இடது கன்னத்து மச்சத்தைப் போட்டேன். பிறகு அவர் ஸ்ரூடியோவில் எடுத்து வந்த படத்தைப் பார்த்தேன். ஸ்ரூடியோக்காரர் நல்ல மனதோடு எல்லாம் செய்திருந்தார். தலைமயிரைக் கறுப்பாக்கி, ஒரு கோட்டும் ரையும் போட்டுவிட்டு, கன்னத்தைத் துடைத்து மச்சத்தையும் எடுத்துவிட்டார். பாஸ்போட்டில் இருந்தவருக்கு அது தம்பி மாதிரி இருந்தது. முதலாளி அவரைக் கடையின் வெள்ளைச் சுவரோடு நிற்க வைத்து, போனில் வேறு படம் எடுத்தார். கோட் இல்லையே என்று அவருக்குக் கொஞ்சம் கவலை.

கடந்த பத்து வருடத்தில் போன நாடுகளைக் கேட்டபோது விரல்விட்டு எண்ணிச் சொன்னார். கடைசியில் இலங்கை என்றும் போட்டேன்.

"இலங்கையையும் போடோணுமோ?"

"சுவிஸ் பாஸ்போட்டில வந்தபடியால் போடோணும் அண்ணை."

அவர் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"முந்தி வச்சிருந்த அகதிப் புத்தகத்தில இந்தப் பக்கம் வர ஏலாது. அம்மாவின்ர செத்தவீடும் வீடியோவிலதான் பாத்தனான். அக்காவின்ர பிள்ளையளின்ர ரெண்டு கலியாணமும் வீடியோவிலதான். இந்தக் கலியாணத்திலயாவது வீடியோவுக்குள்ள நிக்கோணும், தங்கச்சி."

பாஸ்போட் இலக்கத்தை மூன்றாம் தரமும் சரிபார்த்தேன். நாலு மணிக்கு அனுப்பினோம்.

5. காத்திருந்தது

சனிக்கிழமை காலை கடை திறக்க முன்னரே அவர் வாசலில் நின்றார். நான் விண்ணப்ப இலக்கத்தை அடித்துப் பார்த்தேன். பரிசீலனையில் என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதுதான். திங்கட்கிழமையும் அதுதான். அவர் வீட்டுக்குப் போகாமல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிடுவார்.

கருவாடு சனிக்கிழமையே தன் வேலையைத் தொடங்கிவிட்டது. பிறப்புச் சான்றிதழுக்குக் கொப்பி எடுத்த ஒரு அம்மா கடதாசியை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு, மெஷினில் என்ன எண்ணெய் விடுகிறீர்கள் என்று கேட்டா. பக்கத்துக் கடைப் பூனை எங்கள் கடைக்கு வேலைக்கு வந்துவிட்டது. அண்ணையும் பெட்டியும் பூனையும் ஒண்டா வந்து குந்திட்டினம், இனி வாடகை கேட்கவேண்டியதுதான் என்றார் முதலாளி. தில்லையண்ணை சிரிக்கவில்லை. அவருடைய பார்வை என் கணினியில் இருந்தது.

திங்கட்கிழமை பின்னேரம் பூமணி அக்கா வந்தா. விசா வராவிட்டால் நீங்கள் மட்டும் போங்கோ என்று தம்பி அவவுக்குச் சொன்னார். அக்கா பூனையைத் துரத்தினா.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு விசா வழங்கப்பட்டது என்று வந்தது. நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் தன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார். மூன்று பிரின்ற் கேட்டார். ஒன்று சட்டைப் பைக்கு, ஒன்று பெட்டிக்கு, ஒன்று அக்காவின் கைப்பைக்கு.

அவர் திரும்பி வரும்போது இலங்கை அனுமதி இரண்டாம் தரம் உள்ளே விடுமா என்றும் அப்போதே பார்த்தேன். விடும் என்றிருந்தது. இதைப் பலர் மறந்துவிடுவார்கள். இங்கே பிறந்தவர் என்றாலும் வெளிநாட்டுப் பாஸ்போட்டில் வருபவர் வெளிநாட்டவர்தான்.

புதன்கிழமை காலை வான் கடை வாசலில் நின்றது. தில்லையண்ணை பெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஏறினார். ஏறியபின் என் பக்கம் திரும்பப்போனார். திரும்பிப் பார்க்காதை என்று உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. அவர் வீதியைப் பார்த்தபடியே, "தங்கச்சி, பெரிய உபகாரம்" என்று வானின் முன்கண்ணாடிக்குச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு படம் அனுப்பினார். மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் கோட்டும் ரையும் போட்டு நின்றார். மச்சம் இருந்தது.

பிள்ளைகளுக்கு

வெளிநாட்டுப் பாஸ்போட்டோடு யாராவது ரிக்கற் பிரின்ற் கேட்டால் மூன்றைக் கேளுங்கள். போகும் நாட்டுக்கு விசா இருக்கிறதா? பாஸ்போட் முடிய எத்தனை மாதம் இருக்கிறது? திரும்பி இலங்கைக்குள் வர அனுமதி இருக்கிறதா? விதிகள் அடிக்கடி மாறும். போன மாதம் ஒருவருக்குச் செய்ததை நம்பாமல், அந்தந்த நாட்டின் சொந்தப் பக்கத்தைத் திறந்து வாசியுங்கள். பெட்டி வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆள் பெரிய மனிதர், எத்தனையோ நாடு கண்டவர் என்று பார்த்துப் பேசாமல் இருக்காதீர்கள். கேட்டால் ஒரு நிமிடம் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது என் வாய் பழகிவிட்டது. யார் ரிக்கற் என்றாலும் அந்தக் கேள்வி தானாக வந்துவிடுகிறது. போன கிழமை நெடுங்கேணியிலிருந்து வந்த வயதான ஐயா ஒருவர் கொழும்புக்குப் போகும் ரயில் ரிக்கற்றைப் பிரின்ற் எடுக்கக் கொடுத்தார். கணினியைப் பார்த்தபடியே, விசா எடுத்திட்டீங்களோ ஐயா என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பைக்குள் கைவிட்டு அடையாள அட்டையை எடுத்தார்.

"ஏன் பிள்ளை, திரும்பவும் பாஸ் எடுக்கச் சொல்லிட்டாங்களோ?"

சண்டைக் காலத்தில் வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. எத்தனை வரிசையில் நின்றிருப்பாரோ தெரியாது. இல்லை ஐயா, நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன், ரயிலுக்கு ஒன்றும் தேவையில்லை என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் அட்டையை உள்ளே வைக்கவில்லை. அதை என் மேசையில் ரிக்கற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சரி பிள்ளை. எதுக்கும் இதிலயும் ஒரு கொப்பி அடிச்சு விடு."