கழற்ற முடியாத கம்பி

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தீப்பொறிக்குப் பயந்து கொலுசு, ஹேர்பின், ஊக்கு எல்லாவற்றையும் தினமும் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம்.

வேலைக்குப் போன வேன் கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்தபோது, எனக்குக் கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். சமீபத்தில் கால் மரத்துப் போகவே, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனேன்.

"உடம்புல உலோகம் ஏதும் இருக்காம்மா?" என்று அங்கே கேட்டார்கள்.

கம்பெனிப் பழக்கத்தில் தோடு, மெட்டிவரை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க, எல்லாத்தையும் களட்டிட்டேன்" என்றேன்.

படத்தில் முதுகு நடுவே ஒரே கறுப்பு. "கட்டிங்களா டாக்டர்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் என் தழும்பைப் பார்த்தார். "கட்டி இல்லம்மா, உள்ள இருக்கிற கம்பியோட நிழல். நரம்பையே மறைச்சிருச்சு. சில உலோகம்னா அந்தக் காந்தத்துக்குள்ள போறதே ஆபத்து. ஏம்மா சொல்லலை?"

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் விசாரித்து, டைட்டானியம்தான் என்று உறுதியான பிறகு, அதற்கேற்ப மிஷினை மாற்றி அமைத்து மறுபடி எடுத்தார்கள். நிழல் சுருங்கி, நரம்பு தெரிந்தது.

இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தோட்டில் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: "களட்ட முடியாதது ஒண்ணு முதுகுல இருக்குங்க. டைட்டானியம்."