வலப்பக்கம் ஏறிய வெளிச்சம்

காரிமங்கலத்தில் என் கடைக்குள் நுழைந்ததும் நேர் எதிரே, பழைய பாட்டரிகள் அடுக்கிய பலகைக்கு மேலே, ஆணியில் ஒற்றை முகப்பு விளக்கு தொங்குகிறது. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சிறிய வட்டம். கறுப்பு உடம்பு, உள்ளே எல்.இ.டி. பல்புகள். ஆறு வருடமாக அது அங்கேதான் இருக்கிறது. லாரிக்காரர்களும் புல்லட் வைத்திருக்கிற இளவட்டங்களும் பார்த்ததும் விலை கேட்பார்கள். விற்பதற்கில்லை என்பேன். விடாமல் கேட்பவர்களிடம் மட்டும், "அது நம்ம ரோட்டுக்கு ஆவாதுங்க, வலது பக்கமா வண்டி ஓட்டற ஊரு லைட்டு" என்று சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எவ்வளவு சுலபமாக அந்த ஒரு வரி வாயில் வருகிறது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல வேண்டிய நாளில் அது வரவில்லை.

அந்த ஆள் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். தர்மபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். கம்பைநல்லூர் போகிற வழியில் இருக்கும் எங்கள் மாமனார் ஊரிலேயே நிலம் வாங்கி வீடும் கட்டிக்கொண்டார். நான் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறவன். நகக்கண்ணில் கருப்பு போகாது. அவர் சட்டை மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் வெள்ளையாகவே இருக்கும். மாமனார் வீட்டில் 'மாப்ள' என்றால் அவர்தான். நான் 'சின்னவரு'. பந்தியில் என் மாமியார் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டு வரும்போது கரண்டி முதலில் பாத்திரத்தின் அடிக்குப் போகும். துழாவி எடுத்த ஈரல் துண்டுகள் அவர் இலையில் விழும். அப்புறம்தான் எனக்கு. ஈரலுக்காக ஒரு மனிதன் பத்துப் பதினைந்து வருடம் வயிறெரிவானா என்று கேட்டால், எரிந்தேன். அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் எனக்கென்று ஒன்று மிச்சமிருந்தது. வண்டி என்று பேச்சு எடுத்தால் அந்த வீட்டில் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். அது போதும் என்றுதான் இருந்தேன்.

அதிலும் அவர் வந்து கால் வைத்தார். கோயம்புத்தூரில் யாரிடமோ சொல்லிவைத்து ஒரு காரைப் பாகம் பாகமாக வரவழைத்தார். மரப்பெட்டிகளில் வந்தது: பைபர் உடம்பு, குழாய்களைப் பற்றவைத்த அடிச்சட்டம், இரண்டு சீட்டு, டப்பா டப்பாவாக நட்டும் போல்ட்டும். எஞ்சினுக்கு ஒரு பழைய காரை வாங்கி உரித்தார். ஊர் அதற்குப் பெட்டிக்கார் என்று பெயர் வைத்தது. பட்டுப்புழு வளர்த்துக் கைவிட்ட கொட்டகையில் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதோடு கழித்தார். எழுத்தர் புத்தி எங்கே போகும்? நீளவாக்கு நோட்டு ஒன்று போட்டு, எந்த போல்ட்டை எந்தத் தேதியில் முடுக்கினார், எந்தத் திருகாணியை எத்தனை சுற்று திருகினார் என்று கால் சுற்றைக்கூட விடாமல் எழுதினார். நான் சிரித்தேன். ஒயரிங் கட்டம் வந்தால் என்னிடம்தானே வரவேண்டும் என்று காத்திருந்தேன்.

அவர் வரவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிறு ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு நானே போனேன். ஒயர்கள் எல்லாம் முடிந்திருந்தன. கட்டுக் கட்டாகப் பிரித்து, டேப் சுற்றி, ஒவ்வொன்றின் நுனியிலும் எண் எழுதிய துண்டுச் சீட்டு கட்டி வைத்திருந்தார். இருபது வருடமாக நான் லாரிகளுக்குள் திணித்து வைக்கிற ஒயர்களை நினைத்துப் பார்த்தேன். தப்புக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் குனிந்து தேடினேன். கடைசியில், "இந்த மஞ்ச ஒயரு இன்னும் கொஞ்சம் தடியா போட்டிருக்கலாம்ண்ணா" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். அவர் உடனே நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது மஞ்சள் ஒயர் மாறியிருந்தது. அவரிடம் எனக்குப் பிடிக்காததே இதுதான். சண்டைக்குக் கூப்பிட்டால் நாற்காலி எடுத்துப் போடுவார்.

வண்டியை ரோட்டில் ஓட்ட அனுமதி வாங்குவதற்கு அவர் அலைந்தது தனிக்கதை. அதுவும் கிடைத்தது. முதல் நாள் வீட்டுப் பெண்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டினார். கூரை இல்லாத வண்டி. என் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். திரும்பி வந்தபோது தலைமுடி எல்லாம் கலைந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் என் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வந்தவள். ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. "ஏனுங்க, நீங்களும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்றாள். கடையில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

அந்த வண்டியில் ஒரே குறை விளக்குதான். பெட்டியோடு வந்த விளக்குகள் மங்கல் மஞ்சள். பொழுது சாய்ந்தால் முன்னால் போகிற மாடுகூடத் தெரியாது. துபாயில் வேலை பார்க்கிற எங்கள் மச்சினன் லீவுக்கு வருகிறான் என்றதும் அவர் அளவெடுத்து அனுப்பினார். அவனும் துணிகளுக்கு நடுவே சுற்றி இரண்டு விளக்குகளைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தான். எனக்கு ஒரு செண்டு பாட்டில். விளக்கு வேலை செய்கிறவன் நான். எனக்குச் செண்டு.

விளக்கு மாட்டிய மறுநாள் அவரே போன் செய்தார். "தம்பி, மாட்டிட்டேனுங்க. ஆனா நீங்க ஒருக்கா பாத்து சரின்னு சொன்னாத்தான் மனசு ஆறும்." போனேன். பள்ளிக்கூட மதில் அப்போதுதான் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக இருந்தது. இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் உயரத்துக்கு மதிலில் கரியால் ஒரு கோடு இழுத்திருந்தார். பொழுது இறங்கியதும் 'டிம்'மைப் போட்டார்.

நம் நாட்டு விளக்கு எதுவானாலும் டிம்மில் அதன் வெளிச்சம் சுவரில் மட்டமாக நின்று, இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ரோட்டோரம் நடக்கிற ஆள் தெரிய வேண்டும், எதிரே வருகிறவனுக்குக் கண் கூசக்கூடாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. துபாயில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். மதிலில் விழுந்த வெளிச்சம் இடப்பக்கம் படுத்துக் கிடந்தது, வலப்பக்கம் ஏறி நின்றது. எதிரே வருகிறவனின் கண்ணுக்கு நேராக. இமைக்கிற நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் முதல் வருடம் படிக்கிற பாடம் இது.

ஏன் சொல்லவில்லை என்பதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை ஒன்றுதான். எதிரே வருகிற நாலு பேர் அவரைத் திட்டட்டும் என்று நினைத்தேன். கண்ணை அவிக்கிற பெட்டிக்கார் என்று ஊர் பேசட்டும். அப்போது என்னிடம் வருவார். எல்லோர் முன்னாலும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்ததுபோல் கண்டுபிடித்து, "இதெல்லாம் படிச்சு வர்றதில்லைங்கண்ணா" என்று சொல்வேன். அந்த வாக்கியத்தைக்கூட மனதில் தயார் செய்துவிட்டேன். வாயால் சொன்னது, "நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. இப்பிடியே விடுங்க." அவர் தலையைச் சாய்த்து மதிலையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். வெளிச்சத்தின் அழகில் மயங்கி நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் மாமனார் ஊரில் மாரியம்மன் பண்டிகை வந்தது. மாலையில் நானும் மனைவியும் டிவிஎஸ்ஸில் கிளம்பினோம். பாதி வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. மழையில் நனைந்து வருவோமே என்று, அவளையாவது காரில் ஏற்றிக்கொண்டு போக அவர் எங்களை எதிர்கொண்டு வந்தார். கூரை இல்லாத வண்டிக்குத் தார்ப்பாய் வேறு கட்டிக்கொண்டு வந்தார். வளைவு திரும்பியதும் வெள்ளையாக ஏதோ என் முகத்தில் வந்து அடித்தது. ரோடு காணாமல் போய்விட்டது. முன்சக்கரம் மண்ணில் இறங்கியது தெரிந்தது, அப்புறம் கேழ்வரகுக் காட்டு வரப்பில் கிடந்தேன். எனக்கு முழங்கால் சிராய்ப்பு. அவள் இடது மணிக்கட்டை ஊன்றி விழுந்திருந்தாள். கை தொங்கிய விதத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

சகலைதான் அவளைத் தூக்கிக் காரில் உட்காரவைத்தார். இரண்டே சீட்டு என்பதால் நான் பின்னால் அடிச்சட்டத்தின் குழாயைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். தர்மபுரி போகும் வரைக்கும் எதிரே வந்த வண்டிக்காரர்கள் ஒருவர் விடாமல் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். நான் ஆசைப்பட்டது அதைத்தானே? ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மாமியார் வந்து எப்படி ஆனது என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "என் தப்புங்க அத்தே. தம்பி சரியாத்தான் பாத்துக் குடுத்தாரு. நாந்தான் நேத்து ஸ்க்ரூவத் திருகி லைட்டத் தூக்கி வெச்சுட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது. அப்படியானால் அவரும் கை வைத்திருக்கிறார். பாதிப் பழி அவருடையது என்று கணக்குப் போட்டேன். அன்றிரவே பாதி முக்காலாயிற்று. அடுத்த வாரம் மாமனார் வீட்டில் பந்தி நடந்தபோது மாமியார் அவர் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினார். கரண்டி அடிக்குப் போய்த் துழாவி எழுந்து என் இலைக்கு வந்தது. கட்டுப்போட்ட கையோடு என் மனைவி எதிரே உட்கார்ந்திருக்க, அந்த ஈரலைத் தின்றேன்.

அவர் துபாய் விளக்குகளைக் கழற்றிவிட்டுப் பழைய மஞ்சள் விளக்குகளையே மாட்டினார். ஒன்றை மட்டும் என் கடைக்குக் கொண்டுவந்து, "இதே அளவுல நம்ம ரோட்டுக்குத் தோதா கெடைக்குமான்னு பாருங்க தம்பி" என்று கொடுத்துவிட்டுப் போனார். ஓசூரில் கேட்டிருந்தால் ஒரே நாளில் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை என்றேன். இரண்டு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. பொழுது சாய்ந்தபின் வண்டியை எடுப்பதையும் விட்டுவிட்டார். மாதிரிக்கு வந்த அந்த விளக்கு ஆணிக்குப் போனது.

போன மாதம் பெட்டிக்கார் என் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தது. சர்க்கரையால் அவர் கண்ணில் ரத்தம் கசிகிறது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சினன் வண்டியைத் தனக்குக் கேட்டானாம். "அதோட நெளிவு சுளிவு தெரிஞ்சவரு சின்னவருதான்" என்று எனக்கு அனுப்பிவிட்டார். சீட்டுக்கு அடியில் அந்த நீளவாக்கு நோட்டு இருந்தது. கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் பிரித்தேன். மஞ்சள் ஒயர் இருந்தது. அதற்குச் சில பக்கம் தள்ளி, பென்சிலால் ஒரு மதில், அதில் ஒரு கோடு, கோட்டின் வலப்பக்கம் ஏறுகிற வெளிச்சம். கீழே அவருடைய அலுவலகக் கையெழுத்து: 'வலது பக்கம் ஏறுவதுபோல் தெரிகிறது. தம்பி பார்த்துச் சரி என்றார். அவர் சொன்னால் சரியாக இருக்கும்.' அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கால் சுற்றைக்கூட எழுதுகிறவர், அந்தப் பத்து நாளில் எந்தத் திருகாணியையும் திருகியதாக எழுதவில்லை. அதற்கடுத்த வரி: 'விளக்குகள் கழற்றப்பட்டன.'

அப்போதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். தன் கண்ணால் கண்டதைவிட என் சொல்லை நம்ப ஒருவரால் முடிந்திருக்கிறது. அந்த நம்பிக்கையை உடைத்தவனைக் காப்பாற்றவும் முடிந்திருக்கிறது. இரண்டில் ஒன்று எனக்கு வாய்க்குமா? வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது போகவில்லை.

ஓசூருக்குப் போய் விளக்குகள் வாங்கி வந்து மாட்டினேன். போன ஞாயிறு பொழுது இறங்கும் நேரம் அதே பள்ளிக்கூட மதிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி டிம்மைப் போட்டுவிட்டு அவருக்குப் போன் செய்தேன். "அண்ணா, அன்னிக்கி மதில்ல பாத்தப்பவே எனக்குத் தெரியும்" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"இப்ப எந்தப் பக்கம் ஏறுதுங்க தம்பி?"

"எடது பக்கம்ண்ணா."

"அப்பச் சரிங்க." பிறகு கேட்டார், "வூட்ல சொல்லிட்டீங்களா?"

வீட்டில் அவள் ஊறுகாய் ஜாடியை இடது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டுதான் மூடியைத் திறப்பாள். அந்த மணிக்கட்டுக்கு முழு பலம் திரும்பவே இல்லை. மறுநாள் காலை அவளைக் கடைக்கு அழைத்துப் போனேன். ஆணியிலிருந்து விளக்கைக் கழற்றி அவள் மடியில் வைத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "இது நம்ம ரோட்டுக்கு ஆவாது" என்றேன்.

"அதான் எல்லாருகிட்டயும் சொல்றீங்களே" என்றாள்.

மீதியைச் சொன்னேன். மதிலையும், மனதில் தயார் செய்து வைத்த வாக்கியத்தையும், ஈரலையும்கூடச் சொன்னேன். அவள் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விளக்கையே பார்த்திருந்தாள். பிறகு எழுந்து, நான் வாங்க நீட்டிய கையைப் பார்க்காமல், ஒற்றைக் கையால் அதைத் தூக்கி, இரண்டு முறை தவறி மூன்றாவது முறை, தானே ஆணியில் மாட்டினாள்.

"இங்கியே இருக்கட்டும்" என்றாள். "தெனமும் பாருங்க."