இருநூற்றுப் பதினாலாம் நம்பர் வாளி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதற்குப் பிறகு செய்தவற்றைச் சொல்கிறேன். சைக்கிள் ரிம்மை மூங்கிலில் கட்டி எங்கள் தோட்டத்து டிவிஷனின் முதல் டிவி அன்டெனாவை நிறுத்தினேன். அது காற்றுக்குச் சாய்ந்து கோயில் கூரையில் விழுந்தபோது படம் முன்னைவிடத் தெளிவாக வந்தது, அங்கேயே விட்டுவிட்டோம். சாமியும் ஒன்றும் சொல்லவில்லை. ஓடையில் பழைய லொறி டைனமோவை வைத்துப் வரிசை வீடுகளான லயத்தில் பதினொரு காம்பராக்களுக்கு விளக்கு எரிய வைத்தேன். யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் டெலிபோன் கடை போட்டேன். மூன்று தடவை மூடி நான்கு தடவை திறந்தேன். தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற மொட்டைப் பாறையில் கம்பம் நட்டு ஆபீசுக்கு இன்டர்நெட் இறக்கினேன். கடைசியாக, ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமல் கிடந்த இரண்டு கொம்பியூட்டர் புத்தகங்களைப் பேச வைத்தேன். இந்தக் கடைசி வேலையைத்தான் வேறு ஒருவர் பேரில் எழுதிவிட்டார்கள். ஆகையால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

யுத்தம் முடிவதற்கு முந்தைய வருடம் அது. எங்கள் ரப்பர் தோட்டத்துக் கம்பெனி இரண்டு புத்தகங்களைக் கொம்பியூட்டருக்கு மாற்றியிருந்தது. ஒன்று செக்ரோல். இன்றைக்கு யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ ரப்பர் பால் கொண்டுவந்தார் என்று அன்றாடம் பதிவது. மற்றது ஆள் புத்தகம். யாருக்கு என்ன வயது, கல்யாணம், பிள்ளை, லீவு, எப்போது வேலையை விட்டு நிற்கவேண்டும் என்பதெல்லாம் அதில். இரண்டும் எங்கள் ஆபீசில் இல்லை. எங்கேயோ, யாரோ இரண்டு வேறு வேறு கம்பெனிக்காரர்களின் மெஷினில் இருந்தன. இன்டர்நெட் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அதை மேகம் என்கிறார்களாம். எங்கள் பக்கம் மேகம் கூடினால் பால் வெட்டும் நிற்கும், என் கம்பத்தில் சிக்னலும் நிற்கும்.

ஒரே விஷயத்தை இரண்டு புத்தகத்திலும் தட்டித் தட்டிப் பெரிய கிளாக்கருக்கு விரல் வீங்கிவிட்டது. ஒரு புத்தகத்தில் பதிந்தால் மற்றதில் தானாகவே விழவேண்டும் என்று கொழும்பிலிருந்து ஒரு இன்ஜினியர் மிஸ்ஸை அனுப்பினார்கள். சிங்களப் பிள்ளை, இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். வேனை விட்டு இறங்கி ஐந்து நிமிடத்தில் காலில் இரண்டு அட்டை ஏறிவிட்டன. அதைப் பொருட்படுத்தாமல் கொம்பியூட்டர் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். அப்போதே எனக்குப் பிடித்துப்போனது. கம்பம் என்னுடையது என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குச் சந்தையில் படித்த சிங்களம் உண்டு. அவள் என்னை அங்கிள் என்றாள்.

திரையில் இடது பக்கம் செக்ரோலின் கட்டங்கள், வலது பக்கம் ஆள் புத்தகத்தின் கட்டங்கள். அந்தக் கட்டத்திலிருந்து இந்தக் கட்டத்துக்குக் கோடு இழுத்தால் இங்கே இருப்பது அங்கே போகும். வயர் இழுப்பது மாதிரிதான். ஆனால் இந்தப் புத்தகத்தில் இருக்கிற ஆள்தான் அந்தப் புத்தகத்தில் இருக்கிற ஆள் என்று கொம்பியூட்டருக்குத் தெரிய ஒரு அடையாளம் வேண்டுமாம். பேரை வைக்க முடியாது, ஒரே பேரில் எங்கள் டிவிஷனில் மட்டும் ஒன்பது பெண்கள். அடையாள அட்டையை வைக்க முடியாது, பாதிப் பேருக்கு அட்டையே இல்லை. இந்தத் தோட்டத்தில் எப்போதும் மாறாத ஒன்று எது என்று அவள் கேட்டாள். பெரிய கிளாக்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். நான் யோசிக்கவில்லை.

"செக்ரோல் நம்பர் மிஸ். ஆள் செத்தாலும் நம்பர் சாகாது" என்றேன்.

அவளுக்கு அது பிடித்துவிட்டது. நம்பருக்கு நம்பர் கோடு இழுத்தாள். தினமும் மாலை ஆறு மணிக்கு இரண்டு புத்தகமும் பேசிக்கொள்ளும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அட்டைக்கடியைச் சொறிந்துகொண்டே வேன் ஏறினாள். அன்று மாலை நான் கடைவீதியில் பேசிய பெருமையை இங்கே எழுத இடமில்லை.

நான் சொன்ன வாக்கியத்திலேயே ஓட்டை இருந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். மாமியார் வயதாகி வேலையை விட்டு நிற்கும்போது அவர் நம்பர் மருமகளுக்குப் போகும். பால் வாளியில் நம்பரைப் பெயின்டில் எழுதியிருக்கும். வாளி வீட்டோடு இருக்கும், ஆகவே நம்பரும் வீட்டோடு இருக்கும். கிளாக்கருக்கும் வசதி, குடும்பத்துக்கும் ராசி. ஆள் புத்தகத்தில் மாமியாரும் மருமகளும் இரண்டு வரியாக இருந்தார்கள், ஒரே நம்பரில். கொம்பியூட்டர் முதலில் கண்ட வரியைப் பிடித்துக்கொண்டது. முதல் வரி மாமியார்.

இரண்டு நாள் கழித்து, தோட்டத்து மிட்வைஃப் கையில் ஒரு பிரின்ட் கடுதாசியோடு எங்கள் லயத்துக்கு வந்தார். ஏழு மாதக் கர்ப்பிணியைப் பார்க்க வந்ததாகச் சொல்லி, கடுதாசியில் இருந்த பேரை வாசித்தார். அந்தப் பேருக்குரியவர் வாசலில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். வயது அறுபது. வேலையை விட்டு நின்று நான்கு வருடம்.

"ஏழு மாசமா?" என்றார் அந்த அம்மா, கையை நிறுத்தாமல். "எம் புருசன் செத்து ஒம்பது வருசமாச்சுங்க மிஸ்ஸி. அப்பன் யாருன்னு அந்தக் கொம்பியூட்டர்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க, நானும் தெரிஞ்சிக்கிறேன்."

லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் காலை பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்தில், அந்தச் சிரிப்பு போய்விட்டது.

பெரட்டுக் களத்தில் கங்காணி புதிய லிஸ்டை வாசித்தார். இருநூற்றுப் பதின்மூன்றுக்கு அடுத்து இருநூற்றுப் பதினைந்து வந்தது. அந்த அம்மாவின் மருமகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, வாளியோடு நின்றாள். மாமியாரின் வயது அவள் நம்பரில் ஏறியிருந்தது. அறுபது வயதுக்காரிக்கு வேலை இல்லை என்று கொம்பியூட்டரே அவள் பேரை வெட்டிவிட்டது. அவளைப் போல இன்னும் பதினாறு பேர். பதினேழு பேருக்கும் அவசரம்தான். இவளுக்கு இன்னும் அவசரம். மாதக் கடைசியில் செக்ரோலைப் பூட்டும்போது பேர் இல்லையென்றால் பிரசவ லீவு கிடையாது, திரும்பவும் புதிதாகத்தான் பேர் பதியவேண்டும். கம்பெனி புதிதாகப் பேர் பதிவதை நிறுத்தி வெகு நாளாகிறது. மாதம் முடியப் பதினொரு நாள் இருந்தது.

அவள் நேரே என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, அந்த வயர இழுத்தது நீங்கதான்னு பஜாரெல்லாம் சொன்னீங்கல்ல. எம் பேரு எங்கிட்டு போச்சுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். எடுத்துக் குடுத்துட்டுப் பெறகு பெரும பேசுங்க."

கடையைப் பூட்டிவிட்டு ஆபீசுக்கு நடந்தேன்.

பெரிய கிளாக்கர் நல்ல மனுஷன். தினமும் காலையில் அவள் வயதை இருபத்து மூன்று என்று திருத்தித் தட்டுவார். மாலை ஆறு மணிக்கு இரண்டு புத்தகமும் பேசிக்கொள்ளும். பேசி முடித்ததும் அவள் மறுபடி கிழவியாகிவிடுவாள். நான்கு நாள் இப்படிப் போனது. கொழும்புக்குப் போன் போட்டால், பதினேழு பேருக்கும் புது நம்பர் கொடுங்கள் என்றார்கள். புது நம்பர் என்றால் பழைய பேரை வெட்டிப் புதிதாகப் பதிவது என்று அர்த்தம். அதைத்தான் செய்ய முடியாது என்று கிளாக்கர் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் சொன்னார். அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளங்கவில்லை. நம்பர் என்றால் ஆள் என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைக்க வைத்தவன் நான்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய் வாளியைக் கேட்டேன். எதற்கு என்று மாமியார் கேட்டார். கொழும்பைப் பார்க்கவேண்டுமாம் வாளிக்கு என்றேன். கொடுத்துவிட்டார்.

ரப்பர் பால் வாளியோடு கொழும்பு பஸ்ஸில் போனவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். எத்தனை கழுவினாலும் அந்த வாடை போகாது. அவிசாவளை தாண்டுவதற்குள் என் சீட்டில் நான் மட்டும்தான். கொழும்புக்குள் நுழையும்போது சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். தமிழன், கையில் மூடி போட்ட வாளி. ஒரு சிப்பாய் மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டான். விட்ட வேகத்தில் எடுத்தான். என் அடையாள அட்டையைப் பார்க்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை, போ போ என்று கையைக் காட்டினான்.

மிஸ்ஸின் ஆபீசில், எட்டாம் மாடியில் கண்ணாடி மேசை. அதன் மேல் வாளியை வைத்தேன். மிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆனாலும் சிரித்துக்கொண்டு வந்தாள். பெயின்டில் இருந்த இருநூற்றுப் பதினாலைக் காட்டினேன்.

"மிஸ், நீங்க இணைச்சிருக்கிறது இந்த வாளியத்தான். இந்த வாளிக்குப் பிரசவ லீவு குடுப்பீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

பிறகு பிடியைத் திருப்பினேன். வாளி கைமாறும்போது பிடியில் ஆணியால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் வாங்குபவர் பேர் பதிந்த மாதத்தையும் வருடத்தையும் கீறுவது வழக்கம். மூன்று கோடு, மூன்று திகதி. மாமியாரின் மாமியார், மாமியார், மருமகள். அவள் பிடியை வெளிச்சத்துக்குச் சாய்த்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மூக்கைப் பொத்திய கை எப்போது கீழே இறங்கியது என்று அவளுக்கே தெரியாது. இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"மாறாதது எதுன்னுதான் மிஸ் கேட்டீங்க. மாறுறது யாருன்னு கேக்கலியே" என்றேன்.

அது தப்பிக்கச் சொன்ன பேச்சு. கேட்காவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். அவள் அதைக் குத்திக் காட்டவில்லை.

பேர் பதிந்த திகதி இரண்டு புத்தகத்திலும் இருந்தது. அதற்குத்தான் யாரும் கோடு இழுக்கவில்லை. நம்பருக்கு ஒரு கோடு, திகதிக்கு ஒரு கோடு, இரண்டும் பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று வைக்கச் சொன்னேன். அவள் வைத்தாள். அவளுடைய மேலதிகாரி எட்டிப் பார்த்து, வாடை தாங்காமல் போய்விட்டார். ஆறு மணி வரை அங்கேயே காத்திருந்தேன். ஆறு அடித்துக் கொஞ்ச நேரத்தில் பெரிய கிளாக்கருக்குப் போன் போட்டோம். அவர் இருநூற்றுப் பதினாலைத் திறந்து, வயதை இரண்டு தடவை உரக்க வாசித்தார்.

"கொமரியாயிட்டாப்பா" என்றார். "அந்தக் கோட்ட எனக்கும் ஒரு தடவ இழுக்கச் சொல்லு."

மற்றப் பதினாறு பேரும் அதே மாலை இளமைக்குத் திரும்பினார்கள். மறுநாள் பெரட்டில் கங்காணி இருநூற்றுப் பதினாலை வாசித்தார். அவளுக்கு லீவும் கிடைத்தது, பெண் குழந்தையும் பிறந்தது. வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் சொன்னது இதுதான்: "இப்ப பேசுங்க மாமா." அதனால்தான் பேசுகிறேன்.

அடுத்த வருடம் கம்பெனி பளபளப்பான ஒரு அச்சுப் புத்தகம் போட்டது. தோட்டக் கம்பெனிகளில் முதன்முதலில் இரண்டு கொம்பியூட்டர் புத்தகங்களை இணைத்தது நாங்கள்தான் என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். மிஸ்ஸின் படம் இருக்கிறது, அது நியாயம். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைக்கு நன்றி, கிளாக்கருக்கு நன்றி. எட்டிப் பார்த்து ஓடிய மேலதிகாரிக்குக்கூட நன்றி. என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

ஒன்பதாம் பக்கத்தின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். அடுத்த தடவை அச்சடிக்கும்போது அங்கே என் பேரைப் போடுங்கள். நம்பரை வைக்கச் சொல்லிப் பதினேழு பேரின் பேரைத் தொலைத்தவன் என்றும் போடுங்கள், வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவற்றை மீட்டவன் என்றும் போடுங்கள். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் போடுவதானால் எனக்கு வேண்டாம். என் படமும் வரவேண்டும். படத்தில் வாளி என் கையில் இருக்கவேண்டும், நம்பர் தெரிகிற மாதிரி.