கயிற்றைப் பிடித்த இரண்டாவது ஆள்

பேய் வந்து நின்றாலும் முதலில் அடையாள அட்டையைக் கேட்கிற ஆள் நான். தூத்துக்குடித் துறைமுகத்தில் பாதுகாப்பு அதிகாரியாக முப்பது வருடம், ஓய்வுக்குப் பிறகு ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஆலோசகர். நம்பாவிட்டால் போங்கள், ஒரு வார்த்தையையும் மாற்ற மாட்டேன்.

கப்பலின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்ய மூழ்குபவர் அந்தோணி. அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே பிடிப்பது அவர் மனைவியின் அண்ணன் சூசை. முத்துக் குளித்த காலத்திலிருந்தே இங்கே மச்சான்தான் கயிறு பிடிப்பார். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ஒருநாள், சூசையிடம் சான்றிதழ் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

"அவரு தங்கச்சி தாலி அவரு கையில இருக்கும்லா சார், விடுவாரா?" என்றார் அந்தோணி.

"தாலி எந்தப் படிவத்துல வே வருது? தண்ணியில இறங்கும்" என்றேன்.

சான்றிதழ் உள்ள ஒப்பந்த ஆள் கயிற்றைப் பிடித்தார். அவரைக் கண்காணிக்கப் புதுக் கேமரா வேறு. படத்தில் மனிதரைக் கண்டால் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று புள்ளி வைத்துக் கோடு இழுத்து, அவர் எப்படி நிற்கிறார் என்று அதன் நியூரல் நெட்வொர்க் மென்பொருள் சொல்லிவிடும். கயிற்றை யாரும் பிடிக்காவிட்டால் அலறும்.

காலை பத்து மணி. அலுவலகத் திரையில் இரண்டு கோட்டு உருவங்கள். ஒன்று காதில் கை வைத்து நின்றது. மற்றது காலை அகட்டி, இரு கையாலும் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தது. அதனால் பச்சை விளக்கு. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் ஒப்பந்த ஆள் மட்டும், போனில் பேசிக்கொண்டு.

மென்பொருளின் தவறை எழுதிவைக்கத்தான், சத்தியமாக அதற்குத்தான், கீழே போனேன். கரையில் கப்பலைக் கட்டிவைக்கும் இரும்புக் குமிழில் கயிறு கட்டியிருந்தது, கீழிருந்து யாரோ இழுப்பதுபோல் வெட்டி வெட்டி அசைந்தது. ஓடிப்போய் இழுத்தேன். அந்தோணி நீலம் பாரித்த உதட்டோடு மேலே வந்தார். காற்றுக் குழாய் மடங்கி அடைத்திருந்தது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் ஆள் இல்லை.

மறுநாள் பதிவைப் பார்த்த அந்தோணி, "கால அகட்டி நிக்கது எங்க மச்சான்லா!" என்றார். சூசை அந்த நேரம் முழுவதும் வாசலில் காவலாளியோடு உட்கார்ந்திருந்தார்.

"நிழல் சார் அது. ஒரு ஆள்னே எழுதிருங்க" என்றார் மென்பொருள்காரர். அறிக்கையில் இரண்டு என்றே எழுதினேன். சூசைக்கு அனுமதிச் சீட்டும் கொடுத்தேன். எந்த விதிப்படி என்றார்கள் மேலதிகாரிகள். என் விதிப்படி என்றேன்.

நிழலாகவே இருக்கட்டும். பதிவில் நான் ஓடிவந்து கயிற்றில் கை வைக்கிற இடத்தைப் பாருங்கள். அந்த உருவம் இழுப்பதை நிறுத்தி, ஓரடி விலகி, எனக்கு இடம் விடுகிறது.