சனியைப் பார்க்க ஒரு கண்

புதன்கிழமை காலை என் மனைவியை மதுரையில் கண் ஆபரேஷனுக்குச் சேர்க்க வேண்டும். இடது கண் சர்க்கரையில் போன வருஷமே போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும்தான் தெளிவு மிச்சம், சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது மாதிரி. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தெளிவாவது நிற்குமா என்று கேட்டேன். டாக்டர் "பார்ப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு எங்கள் ஊர் ஆமத்தூருக்குப் பஸ் ஏறினோம்.

அவளுக்கு ஏழரைச் சனி, அதுதான் கண்ணைக் கேட்கிறது என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொல்லியாயிற்று. எள் விளக்கு ஏற்றி ஏற்றி அவளுக்கே அலுத்துப்போனது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவன் என்னைய இம்புட்டு நாளா பாத்துக்கிட்டே இருக்கான். கண்ணு போறதுக்குள்ள நான் அவன ஒரு தடவ பாக்க வேண்டாமா?" விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. எங்களிடம் ஆண்டு மலர் அடிக்க வரும் ஒரு பேராசிரியரிடம் கம்ப்யூட்டர் வைத்த தொலைநோக்கி இருக்கிறது. ரிமோட்டில் பெயரைத் தட்டினால் அதுவே திரும்பிக் காட்டுமாம். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். நல்ல மனுஷர், செவ்வாய்க்கிழமை கொடுத்தார். எப்படி நிறுத்துவது, எந்த இரண்டு நட்சத்திரத்தைக் காட்டி அதற்குத் திசை புரியவைப்பது என்று ஒரு தாளில் படம் போட்டுத் தந்துவிட்டு ரயிலேறிப் போய்விட்டார்.

இருட்டியதும் மொட்டை மாடியில் மூன்று கால் ஸ்டாண்டை விரித்தேன். சாய்வு காட்டும் ரசமட்டக் குமிழ் நடுவில் வந்து உட்காரவே அரை மணி நேரம் ஆனது. தொலைநோக்கிக் குழாயை வடக்கே பார்க்கத் திருப்பி, பட்டியலில் பக்கத்து ஊராக இருந்த மதுரையைக் கொடுத்து, நேரமும் தேதியும் தட்டினேன். முதல் நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவரும்போது நாரணாபுரம் பக்கம் ஏதோ பட்டாசுக் கம்பெனியில் மாதிரிக்கு வெடி விட்டுப் பார்த்தார்கள். மேற்கே பச்சையும் சிவப்புமாக வானம் எரிந்து அடங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இரண்டாவது, நம் திருவோணம். அதையும் நடுவில் நிறுத்தி அமுக்கியதும், எல்லாம் சரி என்று ரிமோட்டில் எழுத்து வந்தது. அப்பாடா என்றிருந்தது. அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சனி என்று தட்டினேன்.

மோட்டார் உறுமியது. குழாய் கிழக்கே திரும்பி, தாழ்ந்து நின்றது. பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கரி பூசின சுவர் மாதிரி இருட்டு.

மறுபடியும் முதலிலிருந்து. குமிழ், வடக்கு, தேதி, இரண்டு நட்சத்திரம். எல்லாம் சரி என்றது அந்தக் கருமம். சனி என்றால் மட்டும் வெறும் இருட்டைக் காட்டியது. பேராசிரியர் போன் கிடைக்கவில்லை. கண்ணால் பார்த்துக் குழாயைத் திருப்பலாம் என்றால் அங்கே கிடக்கிற இத்தனை புள்ளியில் எது சனி என்று எனக்கு எப்படித் தெரியும்? தெற்கிலிருந்து மேகம் வேறு ஏறிக்கொண்டிருந்தது. விடிந்தால் பஸ்.

"கொஞ்சம் தள்ளுங்க, நான் பாக்கேன்" என்று எழுந்து வந்தாள். கண்ணை வைத்தாள். "ஆமா, தெரியுதுங்க. வளையம்கூடத் தெரியுது" என்றாள்.

பாய்ந்து போய்ப் பார்த்தேன். அதே இருட்டு.

"யார ஏமாத்துற? அங்கன என்ன இருக்கு, ஒரு மண்ணும் இல்ல!" என்று கத்திவிட்டேன். நாளைக்குக் கண்ணைக் கொடுக்கப் போகிறவளிடம் கத்தினேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அவள் கோபப்படவில்லை. "நீங்க படுற பாட்டப் பாத்துத்தான் சொன்னேன். வேணும்னா சொன்னேன்?" என்று நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பிறகு, "அதுல என்னென்ன போட்டீகளோ எல்லாத்தையும் சத்தமா வாசிங்க" என்றாள்.

கல்யாணத்துக்கு முன் அவளும் எங்கள் அச்சகத்தில்தான் இருந்தாள். மெய்ப்பு பார்க்கும்போது ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்ப்போம். அவள் காதுக்குத் தப்பி ஒரு பிழை போனதில்லை. நான் வாசித்தேன். ஊர், நேரம், மாதம், நாள், வருஷம்.

"நில்லுங்க. வருஷம் என்ன சொன்னீக?"

சொன்னேன்.

"ஏங்க, அது அடுத்த வருசம்ங்க!"

ஆடியிலிருந்து ராத்திரி பகலாக அடுத்த வருஷக் காலண்டரையே திருத்திக்கொண்டிருக்கிறேன். சீசனில் எங்கள் அச்சகத்தில் லீவு லெட்டர் எழுதுகிறவன்கூட அடுத்த வருஷம்தான் போடுவான். இரண்டு தடவையும் என் கை அதையே தட்டியிருக்கிறது. ஒரு வருஷத்தில் நட்சத்திரங்கள் இடம் மாறாது, அதனால் மிஷின் எல்லாம் சரி என்றது. சனி மாறுவான். சனி அடுத்த வருஷம் எங்கே இருப்பானோ அந்த இடத்தை அது ஒழுங்காகத்தான் காட்டியிருக்கிறது. எத்தனையோ சனிப்பெயர்ச்சிக்குப் பலன் திருத்தின எனக்கு இது உறைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வருஷத்தை மாற்றி, மூன்றாம் முறை எல்லாம் செய்தேன். மேகம் பாதி வானத்தை எடுத்துவிட்டது. சனி என்று தட்டினேன். குழாய் இந்தத் தடவை கொஞ்சம் மேலே போய் நின்றது. பார்த்தேன். மஞ்சளாக ஒரு சின்ன உருண்டை, குறுக்கே ஊசி செருகினது மாதிரி மெல்லிய வளையம். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

கண்ணை வைத்தாள். தெரிகிறதா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் தெரியுது என்றுதான் சொல்வாள். முன்னாலும் அப்படித்தானே சொன்னாள்.

ரொம்ப நேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "ஏங்க, இவனுக்குப் பக்கத்துல தூசி கணக்கா ஒரு புள்ளி நிக்கே, அது யாரு?"

அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை. அவளை விலக்கிவிட்டு என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். முதலில் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இருந்தது. வளையத்தைத் தாண்டி, தனியாக, இருக்கா இல்லையா என்று ஒரு புள்ளி. சனியின் நிலாவோ என்னவோ, என் கண்ணுக்குத் தப்பினதை அவள் பார்த்திருக்கிறாள்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு என் அழுகையெல்லாம் பொருட்டே இல்லை, தடவித் தடவிக் குழாயிடம் வந்துவிட்டாள்.

"எந்திரிச்சு அங்கிட்டுத் தள்ளுங்க. மேகம் வந்துரும். நாளன்னைக்கு இந்தக் கண்ணு இருக்குமோ என்னமோ, நான் இன்னும் பாக்கணும்."